மூன்றாவது தொட்டி நிரம்புவதற்குள்

இன்று ஏழாம் வகுப்பில் ஒரு பிள்ளைக்குப் பிறந்தநாள். வகுப்பு முழுக்க மிட்டாய் கொடுத்துவிட்டு என் மேசையிலும் ஒன்றை வைத்துவிட்டுப் போனாள். எலுமிச்சை மிட்டாய். காகிதத்தைப் பிரித்ததும் அந்தப் புளிப்பு வாசனை மூக்கில் ஏறியது. அதற்கப்புறம் நான் வகுப்பில் இல்லை. செங்கல்பட்டு மருத்துவமனையின் இரண்டாம் எண் அறையில், கட்டில் ஓரத்தில், மடியில் ஒரு கிண்ணம் மிட்டாயோடு உட்கார்ந்திருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம், ஒன்றாம் எண் அறையில், நீ.

எச்சில் ஊறிக்கொண்டே இருக்க வேண்டும், குடித்த மருந்து எச்சில் சுரப்பியில் தங்கிவிடக் கூடாது என்பதற்காகக் கொடுத்த மிட்டாய் அது. "ஆஸ்பத்திரில முட்டாய் துண்ணச் சொல்றத இப்பதான் டீச்சர் பாக்கறேன்" என்றாய். நீ அதைக் கடித்து நொறுக்கும் சத்தம் இன்டர்காம் வழியாக எனக்குக் கேட்டது.

அப்போது நாம் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. இரண்டு பேருக்கும் ஒரே நோய். கழுத்தில் தைராய்டு சுரப்பியில் புற்று. அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. மிச்சம் மீதி ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் அதையும் அழிக்கக் கதிர்வீச்சுள்ள அயோடினைக் குடிக்க வேண்டியிருந்தது. அதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். முகம் வீங்கி, குரல் கரகரத்து, சித்திரை வெயிலில் போர்வை கேட்டுக்கொண்டு கிடந்தேன். கடைசி இரண்டு வாரம் கடல் மீன் கூடாது, பாக்கெட் உப்பு கூடாது. புதுப்பட்டினம் சந்தையில் மீன் விற்கிற உன்னிடம் போய் அதைச் சொன்னார்கள். "கூடை நெறைய வஞ்சிரத்த வெச்சிகினு, வூட்டுக்குப் போயி வெண்டக்கா பொரியல் துண்ணேன். என்னப் பாத்து மீனே சிரிச்சிச்சி" என்று நீ சொன்னபோது, பல நாளைக்குப் பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

மருந்தைக் குடித்த பிறகு சில நாளைக்கு நம் உடம்பே கதிர்வீச்சு வீசும். வியர்வையில் வரும், சிறுநீரில் வரும். அதனால்தான் தனித்தனி அறை, தடித்த சுவர், கதவுக்கு வெளியே தரையில் மஞ்சள் கோடு. சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். போர்த்திய போர்வை, உடுத்திய துணி எதுவும் நம்மோடு வெளியே வராது. கழிப்பறைத் தண்ணீரும் சாக்கடைக்குப் போகாது. மருந்தைக் கொடுப்பதற்கு முன்பு கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி, அந்த ஒல்லியான மனிதர், அதைப் பொறுமையாக விளக்கினார்.

"கீழே மூணு தொட்டி இருக்கும்மா. ரெண்டு நிறைஞ்சு மூடிக் கிடக்கு. இப்ப மூணாவதுல விட்டுக்கிட்டு இருக்கோம். எட்டு நாளைக்கு ஒரு தடவை அதோட வீரியம் பாதியாகும். அப்புறம் அதுல பாதி, அப்புறம் அதுலயும் பாதி. மூணு மாசம் போனா ஏறக்குறைய ஒண்ணும் இருக்காது. அளந்து பாத்துட்டுத்தான் திறந்து விடுவோம்."

"நடுவுல எதுவும் செய்ய வேண்டாமா சார்?"

"மூடி வெச்சுக் காத்திருக்கறதுதான் வேலை."

எனக்கு அவமானமாக இருந்தது. பதினைந்து வருடமாகப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவள், இப்போது மூடி வைக்கப்பட வேண்டிய ஒன்றாகிவிட்டேன் என்று தோன்றியது. நாலு வயது மகளை எங்கள் ஊர் மதுராந்தகத்திலேயே நாத்தனார் வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தேன். வீடு திரும்பிய பிறகும் சில நாள் அவளைத் தூக்கக் கூடாது, பக்கத்தில் படுக்க வைக்கக் கூடாது. அன்று மாலை இன்டர்காம் மணி அடித்தது. நர்ஸ் என்று நினைத்து எடுத்தேன். பாலித்தீன் உறை சுற்றிய ரிசீவரிலிருந்து உன் குரல் வந்தது.

"இன்னா, பக்கத்து வூடு? தூங்கிட்டியா?"

யார் என்று கேட்டேன். "ஒண்ணாம் நம்பரு" என்றாய். வயதைக் கேட்டாய். முப்பத்தெட்டு என்றேன். "எனக்கும் அதான். அக்கா கிக்கான்னு கூப்ட்டு என்னக் கெய்வி ஆக்கிடாத. நீன்னே பேசு" என்றாய். ஆனால் நீ மட்டும் கடைசிவரை என்னை டீச்சர் என்றுதான் கூப்பிட்டாய்.

என் மனதிலிருந்த அந்தத் தொட்டிப் பேச்சை உன்னிடம் சொன்னேன். நீ கொஞ்சமும் அசரவில்லை. உன்னிடம் வாடிக்கையாக மீன் வாங்கும் ஒருவர் அணுமின் நிலையத்தில் கழிவுப் பிரிவில் வேலை செய்கிறவர் என்றாய். மீனை ஆய்ந்துகொண்டே அவரிடம் எல்லாவற்றையும் கேட்டு வைத்திருந்தாய்.

"அவங்க குப்பைய கண்ணாடியோட சேத்து உருக்கி, எவர்சில்வர் டப்பாவுல ஊத்தி, சீல் வெச்சி, காவல் காக்கறாங்களாம். பேரன், பேத்தி, அவங்க பேரன், அதுக்கு அப்பாலயும் காக்கணுமாம். நம்மது மூணே மாசம். நாம எவ்ளோ நல்ல குப்பை பாரு டீச்சர்!"

நான் சிரித்தேன். ஆனால் அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒரு விஷயத்தை மறைத்துக்கொண்டிருந்தேன். அதை இப்போது எழுதும்போதும் கை கொஞ்சம் தயங்குகிறது.

சேர்ந்த அன்று காலையிலேயே என் கழிப்பறையில் அந்தச் சத்தத்தைக் கேட்டிருந்தேன். பெரிய சத்தமில்லை. பீங்கானுக்குள் மெல்லிய கோடாகத் தண்ணீர் இறங்கிக்கொண்டே இருந்தது. ஃப்ளஷ் தொட்டி நிற்காமல் வழிகிறது என்று புரிந்தது. மருந்து கொடுப்பதற்கு முன் அதிகாரி கேட்கவும் கேட்டார். "அறையில ஏதாவது குறை இருக்காம்மா? இப்பவே சொல்லிடுங்க." எனக்கு ஏற்கெனவே ஒருமுறை தேதி தள்ளிப்போயிருந்தது. மாத்திரை இல்லாமல் இன்னும் பத்து நாள் அந்த உடம்போடு இருக்க முடியாது. அறை சரியில்லை, அடுத்த வாரம் வாருங்கள் என்று சொல்லிவிட்டால்? "ஒரு குறையும் இல்ல சார்" என்றேன்.

மறுநாள் முற்பகல் அவர் இன்டர்காமில் கூப்பிட்டார். குரலில் கவலை தெரிந்தது. மூன்றாவது தொட்டி கணக்குக்கு மேல் வேகமாக ஏறிக்கொண்டிருக்கிறது. நாளை மறுநாள் மூன்றாம் அறைக்கு ஒரு பெண் வர வேண்டும். பொத்தேரியில் கல்லூரிப் படிப்பு. அவளுக்கான மருந்து விமானத்தில் கிளம்பிவிட்டது. அதை எடுத்து வைத்து அடுத்த வாரம் கொடுக்க முடியாது, இருக்க இருக்க வீரியம் இறங்கிவிடும். தொட்டியில் இடமில்லையென்றால் அவளைச் சேர்க்க முடியாது. மூடிய இரண்டு தொட்டியும் திறக்கிற பக்குவத்துக்கு வரவில்லை.

"உங்க அறையில தண்ணி எங்கேயாவது ஒழுகுதாம்மா?"

"இல்ல சார்."

இரண்டாவது முறையும் பொய் சொன்னேன். நேற்றே சொல்லியிருக்க வேண்டியதை இன்று எப்படிச் சொல்வது என்ற வெட்கம், பயத்தை விடப் பெரிதாகிவிட்டிருந்தது. ரிசீவரை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். ஒரு மாதம் மாத்திரையில்லாமல் வீங்கிய முகத்தோடு ஒரு பெண் விடுதி அறையில் பை கட்டிக்கொண்டிருப்பாள் என்று நினைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

கொஞ்ச நேரத்தில் நீ கூப்பிட்டாய். அதிகாரி உன்னிடமும் அதையே கேட்டிருந்தார். அந்தப் பெண்ணைப் பற்றித்தான் பேசினாய். "பாவம், சின்னப் பொண்ணு, அலையவுடப் போறாங்க" என்றாய். பிறகு சட்டென்று பேச்சை நிறுத்தினாய்.

"இன்னா டீச்சர், உன் ரூம்ல தண்ணி ஓடிகினே கீது?"

குளியலறைக் கதவு திறந்திருந்தது. ரிசீவரைக் கையால் பொத்தினேன்.

"டீச்சர்?"

"நேத்து காலையிலேருந்து ஓடுது" என்றேன். "நான் சொல்லல." அழுதேன். தேதி தள்ளிப்போன கதை, பயம், இரண்டு தடவை பொய் சொன்னது எல்லாவற்றையும் அழுகைக்கு நடுவே கொட்டினேன். நீ திட்டுவாய் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"சரி, சொல்லிட்ட இல்ல. வுடு" என்றாய். "இப்ப மொதல்ல அந்த சாருக்கு போனப் போட்டு இதே மாரி சொல்லு. அழுவாத சொல்லு. அப்பால எனக்கு அடி. தண்ணிய நிறுத்தலாம்."

"நீயே சொல்லிடேன்."

"நான் சொன்னா அது கோள் மூட்டுறது. நீயே சொல்லு."

சொன்னேன். "இப்பவாவது சொன்னீங்களே" என்றார். ஆனால் உடனே ஆளை உள்ளே அனுப்ப முடியாது. நான் மருந்து குடித்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது, பழுது பார்க்கிறவர் என் பக்கத்தில் அவ்வளவு நேரம் நிற்கக் கூடாது. வெளியிலிருந்து மூடினால் அறைக்கே தண்ணீர் நின்றுபோகும், எனக்கோ அன்று குடிக்கவும் கழுவவும் குளிக்கவும் தண்ணீர் நிறைய வேண்டும். நாளை வரை இப்படியே ஓடினால் தொட்டி தாங்காது. "பக்கத்து ரூம் அம்மா எனக்குச் சொல்லித் தர்றாங்களாம் சார், நானே பாக்கறேன்" என்றேன். வேறு வழியில்லாததால் ஒப்புக்கொண்டார்.

உன் வீடு ஆறு குடித்தனம் சேர்ந்த வரிசை வீடு என்றும், வீட்டுக்காரர் வாடகைக்குத் தவிர வேறு எதற்கும் எட்டிப் பார்க்க மாட்டார் என்றும், ஆறு வீட்டுக் குழாயும் உன் கையால்தான் பிழைத்துக் கிடக்கிறது என்றும் அன்றுதான் சொன்னாய். இன்டர்காம் வயர் குளியலறை வரை எட்டவில்லை. நீ சொல்வதைக் கேட்டுக்கொண்டு உள்ளே ஓடுவேன். செய்துவிட்டு மூச்சு வாங்க ஓடிவந்து சொல்வேன். முதலில் ஃப்ளஷ் தொட்டிக்குப் போகும் குழாயின் திருகைத் திருகச் சொன்னாய். துரு பிடித்து அசையவில்லை.

"சரி, மேல மூடியத் தூக்கு. உள்ள பந்து மாரி ஒண்ணு மெதக்குதா பாரு."

"மிதக்கல. பாதி முழுகிக் கிடக்கு."

"அதான். ஓட்ட. தண்ணி உள்ள பூந்துகிச்சி. பந்து மேல வந்தாத்தான் தண்ணி நிக்கும். அது எங்க வரும், அதுவே வவுறு ரொம்பிக் கெடக்குது. பந்து கோத்த கம்பிய மேல தூக்கிக் கட்டணும். கயிறு எதுனா கீதா?"

அறையில் கயிறு இல்லை. துண்டைக் கிழிக்கவும் கத்தரி இல்லை.

"நைட்டிக்குள்ள பாவாட கட்டிகினு கீறியா?"

"ம்."

"நாடாவ உருவு."

"என்னது?"

"இன்னா என்னது? பாத்ரூம்ல கேமரா கெடயாது. உருவு டீச்சர்!"

உருவினேன். குறுக்கே வைக்க ஒரு குச்சி வேண்டும் என்றாய்; பல் துலக்கும் பிரஷ்ஷை வைத்தேன். கம்பியைத் தூக்கி நாடாவால் பிரஷ்ஷோடு சேர்த்துக் கட்டினேன். முதல் தடவை நழுவியது. இரண்டாவது தடவை மீனவர்கள் வலையில் போடும் முடிச்சைச் சொல்லித்தரப் பார்த்தாய், எனக்குப் புரியவில்லை. கடைசியில் மகளின் ரிப்பனுக்குப் போடுகிற முடிச்சையே மூன்று தடவை இறுக்கிப் போட்டேன்.

சத்தம் நின்றது.

அப்படி ஒரு அமைதியை அதற்குமுன் நான் கேட்டதில்லை. ஒரு கையால் பாவாடையைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து, "நின்னுடுச்சு!" என்று கத்தினேன். நீ அந்தப் பக்கம் கை தட்டியது ரிசீவரிலும் கேட்டது, சுவர் வழியாகவும் கேட்ட மாதிரி இருந்தது. அதன் பிறகு தேவைப்படும்போது நாடாவை அவிழ்த்துத் தண்ணீர் பிடித்து, மறுபடி கட்டினேன். மறுநாள் காலை அதிகாரி கூப்பிட்டு, தொட்டி ஏறும் வேகம் பழைய கணக்குக்கு வந்துவிட்டது, அந்தப் பெண்ணுக்கு இடமிருக்கும் என்றார். அடுத்த நாள் மூன்றாம் அறையில் ஆள் நடமாடும் சத்தம் வந்தது. மருந்து உள்ளே போனதும் நீ முதல் வேலையாக அங்கே இன்டர்காம் அடித்தாய். "பொத்தேரியா? இன்னா படிக்கற? பயமா கீதா? பயந்தா ரெண்டாம் நம்பர் டீச்சருக்குப் போடு, எனக்குப் போடாத, நான் தூங்கணும்." அந்தப் பெண் இரண்டு பேருக்கும் மாறி மாறிப் போட்டாள்.

அன்று மாலையே நம்மை வெளியே விட்டார்கள். அதிகாரி ஒரு மீட்டர் தள்ளி நின்று கருவியை நீட்டி அளந்தார். நடைபாதையில் உன்னை முதன்முதலாகப் பார்த்தேன். அந்தக் குரலுக்கு ஏற்ற வாட்டசாட்டமான ஒருத்தியை எதிர்பார்த்திருந்தேன். நீயோ என் தோளுக்குத்தான் இருந்தாய், கண்ணாடி போட்டிருந்தாய். "டீச்சர்னா நரச்ச கொண்டை போட்டுகினு இருப்பன்னு நெனச்சேன்" என்றாய். கிட்டே போகக் கூடாது என்பதால் எதிரெதிர்ச் சுவரில் சாய்ந்து நின்று சிரித்துக்கொண்டே இருந்தோம்.

வீட்டில் தனியாக இருந்த நாட்களில், சந்தைக்குப் போகாமல் அடைந்து கிடந்த நீயும் தினமும் கூப்பிட்டாய். உன் மகள் பெரியவள், பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்தாள், அவளை உன் தம்பி வீட்டுக்கு அனுப்பியிருந்தாய். என் மகள் போனில் "எப்பம்மா வருவே" என்று கேட்ட நாளில், உன்னிடம் அதைச் சொன்னபோது, "எண்ணிகினே இருக்காத டீச்சர். தொட்டி எண்ணுதா? கம்முனு கெடக்குது, அதுபாட்டுக்கு கொறயுது" என்றாய். அதைக் கேட்டதும் கட்டிலில் நீட்டிப் படுத்துத் தூங்கிப்போனேன்.

மூன்று மாதம் கழித்து அதிகாரியே கூப்பிட்டார். நம் துணிகளில் கதிர்வீச்சு அடங்கிவிட்டது, வேண்டுமானால் எடுத்துப்போகலாம் என்றார். பெரும்பாலும் யாரும் வந்து கேட்பதில்லையாம். நான் வேண்டாம் என்று சொல்லப்போனேன். நீ விடவில்லை. "நல்ல நைட்டி டீச்சர் அது, தீவாளிக்கு எடுத்தது." போனோம். அன்றைக்குத்தான் மூன்றாவது தொட்டியைத் திறக்கிறார்கள் என்று அங்கே போன பிறகு தெரிந்தது. பார்க்க வேண்டும் என்று நீ நின்றாய். அவர் நம்மைத் தொட்டி அறையின் கதவருகே நிற்கவைத்தார். ஒரு குப்பியில் தண்ணீரை எடுத்து அளந்து, எண்ணை நோட்டில் எழுதி, நம்மிடமும் காட்டினார். வெளியே மரத்தடியில் அளந்தாலும் கிட்டத்தட்ட இவ்வளவுதான் வரும் என்றார். பிறகு வால்வைத் திறந்தார். குழாயில் தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்டது. நீ குனிந்து என் காதில், "போவுது பாரு நம்ம சனியன்" என்றாய். அதிகாரிக்கும் கேட்டிருக்க வேண்டும், முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அங்கிருந்து மாமல்லபுரம் பஸ் ஏறினோம். உனக்குத் தெரிந்த ஒரு அம்மாள் கடற்கரையோரம் மீன் வறுத்துக்கொண்டிருந்தாள். நீயே கரண்டியை வாங்கி எனக்கு இரண்டு சங்கரா மீனை முறுகலாக வறுத்துக் கொடுத்தாய். நான் சாப்பிடுவதை, பரீட்சைத்தாளைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாய். கை கழுவிவிட்டு வந்ததும், அத்தனை பேர் நடுவில், என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டாய். உன் முந்தானையில் எண்ணெயும் மிளகாய்த்தூளும் மணந்தன. மூன்று மாதம் யாரையும் கிட்டே சேர்க்கப் பயந்த உடம்பு அன்றைக்குத்தான் மறுபடி என்னுடையதானது.

அதன் பிறகு ஆறு வருடம். வருடா வருடம் பரிசோதனைக்கு ஒரே நாளில் தேதி வாங்கினோம். என் பெண் உன்னிடம்தான் நண்டு உடைக்கக் கற்றுக்கொண்டாள். பொத்தேரிப் பெண் வேலைக்குப் போய், கல்யாணத்துக்கு நம் இருவருக்கும் ஒரே பத்திரிகையில் பேர் எழுதிக் கொடுத்தாள். நான் பள்ளியில் மாறிப்போனேன். கூரை ஒழுகினால், சத்துணவில் புழு கிடந்தால், அன்றைக்கே எழுந்து சொல்கிறேன். கேட்டபோது சொல்லாமல் விட்டதன் விலை எனக்குத் தெரியும். சொன்ன பிறகு என்ன செய்வது என்று சொல்லித்தர ஆள் இருந்தால் எவ்வளவு நிம்மதி என்பதும் தெரியும்.

போன ஐப்பசியில் உன் மகள் கூப்பிட்டாள். அம்மா சந்தையிலிருந்து வந்து, சாப்பிட்டு, மத்தியானம் படுத்தவள் எழுந்திருக்கவில்லை என்றாள். நெஞ்சு என்றார்கள். அந்த வருடப் பரிசோதனையிலும் உனக்கு ஒன்றுமில்லை என்றுதான் வந்திருந்தது. புதுப்பட்டினத்துக்கு வந்தேன். உன் வரிசை வீட்டு ஆறு குடித்தனமும் வாசலில் நின்றன. நிறைய அழுதேன். ஆனால் திரும்பி வரும் பஸ்ஸில், உனக்கு நடந்த எதையும் நினைத்து எனக்குக் கோபம் வரவில்லை. நாம் பயந்தது நடக்கவில்லை. பயந்ததற்கு மேல் ஆறு வருடம் சிரித்தோம்.

இந்த வருடப் பரிசோதனைக்குத் தனியாகத்தான் போனேன். முடிவு நன்றாகவே வந்தது. காத்திருக்கும் இடத்தில் ஒரு லாரி டிரைவர், பெரிய மீசை, அன்று மருந்து குடிக்க வந்தவர். பக்கத்தில் மனைவி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அவர் தன் இரண்டு கையையும் பார்த்துக்கொண்டே இருந்தார். எழுந்து போய் அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"இன்னாண்ணே, பயமா கீதா?" என்றேன்.

அவர் நிமிர்ந்தார். அறையில் என்ன நடக்கும், தண்ணீர் எவ்வளவு குடிக்க வேண்டும், எது எப்போது அடங்கும் என்றெல்லாம் சொன்னேன். "அது பாட்டுக்குக் கொறஞ்சிகினே இருக்கும். நீங்க ஒண்ணியும் பண்ண வேணாம். எதுனா ஒழுகினா மட்டும் அன்னிக்கே சொல்லிடுங்க" என்றேன். அவர் மனைவி முதலில் சிரித்தாள், பிறகு அவரும். பேர் கூப்பிட்டதும் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"நல்லா பேசறீங்கம்மா" என்றார். "எந்த ஊரு நீங்க, புதுப்பட்டினமா?"

மதுராந்தகத்தில் பிறந்து, மதுராந்தகத்தில் வளர்ந்து, அங்கேயே பிள்ளைகளின் பேச்சைத் திருத்திக்கொண்டிருக்கும் நான், கொஞ்சமும் யோசிக்காமல் ஆமாம் என்றேன்.